கடலைக் குடித்து ஓடும் எஞ்சின்: கரைமணலில் கருகுவது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. சின்னமுட்டத்துப் படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அவற்றுக்கு ஜூன் 14ஆம் தேதியோடே தடை நீங்கிவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கெடு இருப்பதால் எழுந்த குழப்பம் வாசகர் கடிதங்களில் தெரிகிறது. ஆயினும் கடிதங்களில் மிகுதியானவை கெடுவைப் பற்றியவை அல்ல. தடைக்கு உட்படாவிட்டாலும் ஆனி, ஆடிக் கடலின் சீற்றத்தால் பல நாள் கரையேறிக் கிடந்த நாட்டு வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின்களை, அதாவது வள்ளத்தின் பின்பலகையில் வெளியே தொங்கவிடப்படும் எஞ்சின்களை, மணலில் வைத்தே ஓட்டிப் பார்க்கலாமா என்பதே பலருடைய கேள்வி.

கூடாது என்பதே விடை. அதன் காரணம், விற்பனைக் கையேடுகள் தரும் வரையறையிலிருந்து விளங்காது. அவை இதனை ‘நீரால் குளிரும் எஞ்சின்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பெயர் காரின் எஞ்சினுக்கும் உரியது. காரில் ஒரே நீர் மூடிய குழாய்களுக்குள் சுற்றிவந்து ரேடியேட்டரில் சூட்டை இழக்கிறது. அவுட்போர்டு எஞ்சினிலோ ரேடியேட்டரும் இல்லை, நீர்த்தொட்டியும் இல்லை; புரொப்பல்லரைத் தாங்கி நீரில் முங்கும் கீழ்க்காலில் உள்ள சிறு துளைகள் வழியே கடல் நீர் ஏறி, சிலிண்டரைச் சுற்றி, புகையோடு கலந்து மீண்டும் கடலுக்கே போகிறது. கால் கடலில் முங்கியிருக்கும் வரை மட்டுமே குளிரும் எஞ்சின் என்று வரையறுத்திருந்தால் கடிதங்களில் பாதி வந்திருக்காது.

அந்த நீரை மேலேற்றும் பம்பின் அமைப்பு நுட்பமானது. ஆபத்தும் அதே நுட்பத்தில்தான் இருக்கிறது. புரொப்பல்லரைச் சுழற்றும் நெடுந்தண்டிலேயே, பல்சக்கரப் பெட்டிக்குச் சற்று மேலே, இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம் மாட்டப்பட்டுள்ளது. அது சுழலும் எஃகுக் கிண்ணத்தின் மையமும் தண்டின் மையமும் ஒன்றல்ல. கிண்ணம் வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதால், ரப்பர் இதழ்கள் ஒரு பக்கத்தில் மடங்கி மறுபக்கத்தில் விரிகின்றன. விரியும்போது நீரை உறிஞ்சுகின்றன, மடங்கும்போது பிழிந்து மேலே தள்ளுகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது நடப்பது இது. வேகம் கூடினால் நீரின் அழுத்தமே இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கி, அதே சக்கரத்தை நீரைச் சுழற்றி வீசும் வேறொரு வகைப் பம்பாக மாற்றிவிடுகிறது. தனி வால்வோ கட்டுப்பாட்டுக் கருவியோ இல்லாமல் ஒரு ரப்பர்த் துண்டு இரு வகைப் பம்புகளின் வேலையைச் செய்வது பாராட்டத் தக்கது.

ஆனால் எஃகோடு உரசும் ரப்பருக்கு மசகு வேண்டும். எண்ணெயோ கிரீஸோ இல்லாத அந்த இடத்தில் மசகாக இருப்பது பம்பு தூக்கிச் செல்லும் அதே கடல் நீர்தான். எனவே நீர் நின்றால் எஞ்சினின் குளிர்ச்சி மட்டுமல்ல, குளிர்ச்சியைக் கொண்டுவர வேண்டிய பம்பின் மசகும் அதே நொடியில் அற்றுப்போகிறது. சிலிண்டர் சூடேறச் சிறிது நேரம் பிடிக்கும். உலர்ந்த இதழ்கள் கருக அந்த நேரம்கூடத் தேவையில்லை. கரையில் அரை நிமிடம் ஓடி, எந்தக் குறையும் காட்டாமல் நின்ற எஞ்சின் மறுநாள் ஆழ்கடலில் சூடேறி இறுகி நின்றுபோவது இதனால்தான். கருகி முறிந்த ரப்பர்த் துணுக்குகள் நீர்ப்பாதையில் ஏறி அடைத்துக்கொள்ளும் என்பதால், புதிய இம்பெல்லரை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. பழையதன் எல்லாத் துணுக்குகளும் வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்தாக வேண்டும்.

ஓடும் பாதையிலிருந்தே குளிர்ச்சியையும் மசகையும் எடுத்துக்கொள்ளும் முறை கடலுக்கு மட்டும் உரியதன்று. குல்மார்க்கிலும் கனடாவிலும் ஓடும் பனி வண்டிகள் பலவற்றில், எஞ்சினின் சூடேறிய திரவம் வண்டியின் அடித்தட்டுக்குக் கீழே உள்ள குழாய்களில் சுற்ற, சுழலும் பட்டை வாரி இறைக்கும் பனித்தூள் அக்குழாய்களைக் குளிர்விப்பதோடு, பட்டை வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டிகளுக்கு மசகாகவும் ஆகிறது. இறுகிய பனிக்கட்டியின் மேல் ஓடும்போது தூள் கிடைக்காது. ஆகவே கூர்முனை கொண்ட சுருள்வில் கம்பிகளை, பட்டையைத் தாங்கும் சட்டத்தில் பொருத்தி, அவை தரையைக் கீறித் தூளைக் கிளப்புமாறு செய்கிறார்கள். பாதை தரத் தவறுவதை வண்டியே கீறி எடுத்துக்கொள்ள அங்கே கருவி உண்டு. வள்ளத்துக்கு அப்படியொரு துணைக்கருவி இல்லை. அலை விலகிக் கால் வெளியே தெரியும் நொடியில் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கேடு மணல். மணவாளக்குறிச்சியில் இந்திய அருமண் நிறுவனம் பிரித்தெடுக்கும் இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை இக்கரையின் கருமணலிலும் செம்மணலிலும் கலந்துள்ளவை. இவற்றில் கார்னெட், உலோகத்தை அறுக்கும் நீர்த்தாரைக் கருவிகளிலும் உப்புத்தாளிலும் உராய்பொருளாகப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. சாதாரண மணலைவிடக் கனமான இம்மணிகள் அமைதியான நீரில் விரைவில் அடியில் தங்கிவிடும். ஆனால் மடங்கி உடையும் அலையில் வள்ளத்தை இறக்கும் வேளையில், முழங்கால் ஆழ நீரில், எஞ்சின் உறிஞ்சுவது இவை கலங்கிய நீரைத்தான். மசகாக வேண்டிய நீரே அங்கே அரமாகிவிடுகிறது. இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை இம்பெல்லரைப் பாருங்கள் என்று கையேடுகள் சொல்வது, ‘இயல்பான பயன்பாடு’ என்ற நிபந்தனையோடுதான். படகுத்துறையில் கட்டிய படகுக்கு வகுத்த அந்த இயல்பு, நாற்பதுக்கும் மேற்பட்ட கடலோர ஊர்களில் பெரும்பாலானவை மணலிலிருந்தே வள்ளம் தள்ளும் மாவட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? மானிய விலையில் எஞ்சின் கொடுப்பதைப் பற்றிய அறிவிப்புகள் குதிரைத்திறனையும் விலையையும் பேசுகின்றன. ஆண்டுதோறும் தேய்ந்துபோகும் இந்தச் சிறு ரப்பரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

துறைமுகங்களும் தூண்டில் வளைவுகளும் வந்தால் சிக்கல் தீரும் என்பது அரசுத் தரப்பில் அடிக்கடி சொல்லப்படுவது. அலையின் உக்கிரத்தை அவை குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் சேர்ந்த மணல்திட்டால் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. எஞ்சின் எந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாதோ, அந்த இடத்திலேயே ஆழம் குறைந்து மணல் கலங்குகிறது என்றால், கட்டியவர்கள் தங்கள் பொறுப்பை முடித்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

இனி, கடிதங்களில் உள்ள மற்றக் கேள்விகள். ஓடும் எஞ்சினின் பின்பக்கத் துளையிலிருந்து பீறிடும் நீர் ஒழுக்கு அல்ல. பம்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் அது பம்பைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்கிறது; உள்ளே பாதை அடைத்திருந்தாலும் துளையில் நீர் வரக்கூடும், உள்ளே எல்லாம் சரியாக இருக்கத் துளை மட்டும் உப்பால் அடைபட்டிருக்கவும் கூடும். வெளிவரும் நீர் கொதிப்பாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை, அதாவது நீர் உரிய சூட்டை அடையும் வரை பாதையை அடைத்து வைக்கும் சிறு வால்வை, கழற்றிவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கடல் நீர் மிகச் சூடானால் உப்புப் படியும் என்பதால் இவ்வகை எஞ்சின்களில் அது ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியஸுக்குள்ளேயே திறந்துவிடும்படி அமைந்திருக்கிறது. காரில் இதைவிட மிகுதி. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சினில் இதைக் கழற்றினால், எஞ்சின் போதிய சூடேறாமல் மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாகாது, கரி படியும்.

டிரம்மில் நன்னீர் நிரப்பிக் காலை முக்கி ஓட்டிப் பார்க்கலாமா? நீர் உறிஞ்சும் துளைகளுக்கு மேலே நின்றால் தாராளமாகச் செய்யலாம். உள்ளே தங்கிய உப்பும் கழுவப்படும்.

கடல் நீர் மசகாவதால் எரிபொருளில் எண்ணெய் கலப்பதைக் குறைக்கலாமா? கூடவே கூடாது, நீர் பம்புக்கு மட்டுமே மசகு, பிஸ்டனுக்கு அல்ல.

கிழக்குக் கரையின் நெடுவால் எஞ்சின்களுக்கும், அதாவது நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் கொண்டவற்றுக்கும், இந்த எச்சரிக்கை பொருந்துமா? காற்றால் குளிர்பவற்றுக்குப் பொருந்தாது.

உதிரி இம்பெல்லரைக் கடலுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா? கீழ்க்காலைக் கழற்றாமல் மாற்ற முடியாது என்பதால், அதைக் கரையிலேயே, ஆடி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும்.