காரீயமும் குழந்தையின் புத்தியும்

படிப்பு ஏறவில்லை, ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான், சொன்னதை மறுகணமே மறந்துவிடுகிறான் என்று ஆசிரியர் குறை கூறும்போது, அதைப் பிள்ளையின் தலையெழுத்தென்று எண்ணி மனம் நொந்து, பெரியபாளையத்துப் பவானியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேப்பஞ்சேலை கட்டி வலம்வரும் தாய்மாரின் பக்தியில் எனக்குப் பூரண மரியாதை உண்டு. ஆயினும், அந்தப் பிள்ளையின் தகப்பனார் தினந்தோறும் கம்பெனி வேனில் ஏறிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சென்று, பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயமெடுக்கும் ஆலையில் பாடுபட்டுத் திரும்புகிறவராயிருந்தால், பிரார்த்தனையோடு ஓர் இரத்தப் பரிசோதனையும் அவசியம் என்பதே என் விண்ணப்பம்.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளக் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. காரீயமோ அந்தச் சத்தின் வேஷம் பூண்டு, அதற்கென அமைந்த வாசல்களின் வழியாகவே மூளைக்குள் புகுந்து, கற்றலும் ஞாபகமும் பதிகின்ற இணைப்புகள் உருவாகும் பருவத்திலேயே அவற்றைக் குலைத்துவிடுகிறது. விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பெரியவர்களின் சரீரத்தில் சேர, குழந்தைகளின் சரீரத்தில் பாதிவரை சேர்ந்துவிடும்; வெறும் வயிறும் இரும்புச்சத்துக் குறைவும் இதை இன்னும் அதிகமாக்கும் என்பதால், ஏழைக் குழந்தைக்கே அபாயம் மிகுதி.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், குழந்தைப் பருவம் முதல் இரத்த ஈயம் அளக்கப்பட்டு வந்தவர்களில் 157 பேரை, அவர்கள் வாலிபர்களான பின் எம்.ஆர்.ஐ. கருவியில் பரிசோதித்து, 2008ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். சிறுவயதில் ஈயம் மிகுந்திருந்தவர்களுக்கு, ஆத்திரத்தை அடக்கவும் யோசித்து முடிவெடுக்கவும் துணைநிற்கும் முன்மூளைப் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. தூரதேசத்துச் சங்கதி என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. சென்னையிலேயே ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சராசரி ஈய அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற்கு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. ஈயம் கூடக்கூட, கவனக்குறைவும் மனப்பதற்றமும் பிறரோடு பழகுவதில் சிரமமும் கூடியதாக ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீங்கற்ற அளவென்று எதுவுமே இல்லை என்பதும் அதன் நிர்ணயம்.

விஷம் வீட்டுக்குள் வரும் வழி மிகச் சாதாரணமானது. தகப்பனார் வேலைச் சட்டையோடு வந்து திண்ணையில் அமர்கிறார். குழந்தை ஓடிவந்து மடியில் ஏறித் தோளில் முகம் புதைக்கிறது. அந்தச் சட்டையின் மடிப்பிலும் சாப்பாட்டுப் பையின் வாரிலும் படிந்திருக்கும் சாம்பல்நிறத் தூசி பிஞ்சு விரல்களில் ஒட்டி வாய்க்குள் போகிறது. ஆகையால் ஆலையிலேயே குளித்து உடை மாற்றி வருவதும், அந்த உடையைத் தனியே துவைப்பதும், வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் முதற் பாதுகாப்பு. கொல்லைப்புறத்தில் பேட்டரியைக் கோடரியால் பிளந்து அமிலத்தை மண்ணில் கொட்டும் சில்லறைத் தொழிலை ஊரார் ஒருநாளும் சகிக்கலாகாது. பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின் கட்டளை.

விரல் நுனியில் எடுத்த இரத்தம் ஈயம் மிகுதியென்று காட்டினால், நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்யும்படி டாக்டரிடம் கேளுங்கள். 45 மைக்ரோகிராமுக்குமேல் ஏறிய குழந்தைக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து உண்டு. அதற்குக் கீழே, ஈயம் வரும் வழியை அடைப்பதும், இரும்பும் கால்சியமும் நிறைந்த ஆகாரமுமே பிரதான சிகிச்சை. கெட்ட இரத்தத்தைச் சுத்திகரிப்பதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

தொழிலாளிக்குச் சட்டம் அளித்துள்ள பாத்தியதை சொற்பமல்ல. ஈய நஞ்சேற்றம், கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய தொழில்நோய்; நிவாரணத்துக்குரிய தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருப்பதால், பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துகிறவர் நிவாரணம் கோர முடியும். ஆலைக்கு வழங்கிய அனுமதியின் நிபந்தனைகளையும் புகை அளவீடுகளையும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தருவது அவர்கள் கடமை. திருவள்ளூர் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துப் பலன் இல்லையெனில், சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். மாசினால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கோர 5 ஆண்டு அவகாசம் உண்டு, வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை.

இன்னொன்று. குழந்தைகளின் இரத்தத்தையோ மூளைப் படத்தையோ ஆராய்ச்சிக்காகக் கேட்டு யாரேனும் ஊருக்கு வந்தால், விஞ்ஞானத்தின்மீது வெறுப்புக் கொள்ளாமல், அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாமல், நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி பெற்றோரின் சம்மதம் கட்டாயம், ஏழு வயது கடந்த பிள்ளையின் இசைவும் வேண்டும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். உங்கள் குழந்தையின் ஈய அளவு என்னவென்று முடிவில் உங்களிடம் தெரிவிப்பார்களா என்பதையும், சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.