உப்புக்காற்றில் ஒரு கிட் கார்

புகழ்பெற்ற பழைய கார் ஒன்றின் தோற்றத்தில் வார்க்கப்பட்ட ஃபைபர் உடலை இரும்புச் சட்டத்தின்மேல் ஏற்றி, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினையும் கியர்பெட்டியையும் அதில் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே உருவாக்கப்படும் வண்டி கிட் கார் எனப்படுகிறது. 1957-இல் அறிமுகமான 'செவன்' காரை இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் உதிரிகளாகவும் விற்றதற்கு, முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லாததே முக்கியக் காரணம். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியதால், பாகங்களிலிருந்து கார் செய்வது தமிழகத்துக்கும் பழைய வேலைதான். ஆனால் ஆலைக்கு வந்தவை ஒன்றுக்கொன்று பொருந்தவே செய்யப்பட்டவை. வீட்டுக் கொட்டகையில் பல வண்டிகளின் பாகங்கள் முதன்முறையாகச் சந்திப்பதால், பழுது பெரும்பாலும் பாகத்தில் அன்றி இணைப்பிலேயே தோன்றுகிறது.

இராமேசுவரம் கரையில் அந்த இணைப்புகளை உப்பும் சோதிக்கிறது. காற்றில் வரும் உப்புத் துகள், ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைந்து உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துவிடுவதால், மழை படாத வண்டியும் இங்குத் துருப்பிடிக்கும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தின் இரும்பைக் காக்க ஓயாத பராமரிப்பு தேவைப்பட்டதும் இந்தக் காற்றினால்தான்.

இத்தகைய கரைக்கு ஃபைபர் உடல் ஏற்றது. நாட்டுப்படகுகளுக்கு ஃபைபர் ஓடு வார்க்கும் முறையே இதற்கும் உரியது. அச்சின்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினில், அது இறுகுவதற்கான கடினமாக்கியை அளவாகக் கலந்து பூசி, காற்றுக்குமிழி தங்காதபடி உருளையால் அழுத்துவார்கள். இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட் கரைசலை முதலில் ரெசினில் கரைத்துவிட்ட பிறகே கடினமாக்கியைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும்.

துருப்பிடிக்காத ஃபைபர் மின்சாரத்தையும் கடத்தாது என்பதை மறப்பதிலிருந்தே பல பழுதுகள் தொடங்குகின்றன. இரும்புக் காரில் விளக்கிலிருந்து பாட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டத்துக்கு உடலே பாதையாகிறது. மெக்கானிக்குகள் இதை எர்த் என்பார்கள். ஃபைபர் காரில் ஒவ்வொரு விளக்கின் எர்த்துக்கும் சட்டம்வரை கம்பி இழுக்க வேண்டும். இடப்புற இண்டிகேட்டரைப் போட்டவுடன் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடித்தால், திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே வெளியேறுகிறது என்று பொருள். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும், மற்றதை விளக்கின் எர்த்திலும் வைத்தால் அளவு சுழியை ஒட்டியிருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே இணைப்பைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் பூச வேண்டும்.

அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட் இறங்கும் இடமும் கவனிக்கத்தக்கது. உப்புநீர் பட்டதும் இரு உலோகங்களும் சிறு மின்கலமாக மாறி அலுமினியம் அரிபடுவதால், இடையே நைலான் வாஷரும் போல்ட்டின் தண்டைச் சுற்றி நைலான் குழலும் இட்டு அவற்றைப் பிரிப்பது வழக்கம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், இவ்வண்டியைச் சாலையில் இறக்கிவிட முடியாது. இந்திய விதிகளின்படி, புதிய வகை வண்டியின் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பழைய வண்டியின் பதிவைப் பயன்படுத்தலாம் என்றால், உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே ஒப்புதல் இல்லாத வண்டி சொந்தத் தோப்புக்குள் ஓடுவதோடு நின்றுவிடும். தோப்புக்குள்ளும் உப்புக்காற்று வரும் என்பதால், ஓட்டிய ஒவ்வொரு முறையும் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுவதும், எர்த் முனைகளை அவ்வப்போது மீட்டரால் அளப்பதும் இக்கரையில் கார் கட்டுவோருக்கு முடிவில்லாத வேலைகளாகவே இருக்கும்.