சுழல்தண்டும் தடைக்காலமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. கடலிலிருந்து விலகி இருக்கும் செஞ்சி போன்ற ஊர்களில், மீன் விலை ஏறும்போதுதான் இந்தத் தடைக்காலம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கடலூர், நாகப்பட்டினம், காசிமேடு துறைமுகங்களில் இது படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் பருவம். வண்ணம் பூசுவது கண்ணுக்குத் தெரியும். உயிர்காக்கும் வேலையோ படகின் அடியில் நடக்கிறது.

விசைப்படகில் இயந்திரம் உள்ளே இருக்கிறது. உந்துவிசிறி வெளியே நீரில் சுழல்கிறது. இரண்டையும் இணைப்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் உள்முனை கப்ளிங் என்னும் வட்டுகளால் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். படகின் உடலைத் துளைத்து அது வெளியேறும் இடத்தில், நீர் புகாமல் கிளாண்டு கயிறு காக்கிறது. கிணற்று மோட்டாரையும் பம்பையும் இணைத்துப் பழகிய செஞ்சி வட்டார உழவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று.

அறுந்த வலையோ கயிறோ விசிறியில் சுற்றிக்கொண்டால் தண்டு வளைகிறது, கப்ளிங்கின் சாவிப் பள்ளம் தேய்கிறது, போல்ட்டுகள் தளர்கின்றன. புதிய போல்ட்டுகளைப் போட்டு இறுக்கிவிடுவது பழுதுநீக்கம் ஆகாது. தண்டைக் கழற்றி, லேத்தில் சுழற்றி வளைவை அளக்க வேண்டும். தேய்ந்த பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பினால், அந்த வெப்பமே தண்டை வளைத்துவிடக்கூடும்.

பிறகு இரு வட்டுகளையும் நேர்படுத்த வேண்டும். வட்டுகளுக்கு இடையேயான இடைவெளியை நான்கு திசைகளிலும் அளவுத் தகட்டால் பார்ப்பர். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவே வேறுபாடு இருக்கலாம் என்பது பொதுவான வரையறை. கரையில் நிற்கும் படகின் உடல், நீரில் மிதக்கும்போது சற்றே வடிவம் மாறும். எனவே, இறுதிச் சரிபார்ப்பைப் படகு மிதந்த பின்னரே செய்ய வேண்டும். அவசரத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தப் படிதான்.

நேர் தவறிய தண்டு பேரிங்கைத் தின்னும், டீசலை வீணாக்கும். நடுக்கடலில் கப்ளிங் விட்டுப்போனால் படகு உந்துவிசை இழக்கும். தண்டு பின்னோக்கி நழுவி வெளியேறிவிட்டால், அது இருந்த துளை வழியே கடல் உள்ளே வரும்.

இங்கேதான் பொருளியல் குறுக்கிடுகிறது. பழுதுச் செலவு உரிமையாளருடையது. ஆபத்தோ பங்குக்குத் தொழில் செய்யும் அனைவருடையது. வருவாய் நின்றுபோன அதே இரு மாதங்களில்தான் பராமரிப்புச் செலவும் வந்து சேர்கிறது. தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் குடும்பத்தின் அடுப்பெரிவதற்கானது. தண்டு மாற்றுவதற்கானது அன்று. கையில் பணமில்லாதபோது, கண்ணுக்குத் தெரியாத வேலையே முதலில் தள்ளிப்போடப்படுகிறது.

செய்யக்கூடியவை எளியவையே. தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. அதில் தண்டு, கப்ளிங், கிளாண்டு ஆகியவற்றின் நிலையையும் சேர்க்கலாம். பராமரிப்புக்கென்று குறைந்த வட்டியில் சிறுகடன் வழங்கி, மீன்பிடிப்பு தொடங்கிய பிறகு தவணைகளில் திரும்பப் பெறலாம். சென்னையிலும் பிரிவு கொண்டுள்ள மத்திய மீன்வள, கடல்சார், பொறியியல் பயிற்சி நிறுவனம், துறைமுகப் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம்.

விசைப்படகுகளின் டீசலுக்கு வரிச்சலுகை அளிக்கும் அரசுக்கு, அந்த டீசல் வீணாகாமல் காப்பதும் ஆதாயமே. மீன்வளம் பெருகுவதற்காகக் கடலுக்கு 61 நாள்கள் ஓய்வு தருகிறோம். அந்த நாள்கள் கடலுக்குச் செல்பவர்களின் உயிருக்கும் காப்பாக அமைய வேண்டும்.