நகரமும் வீடும் – 9: பொதுச்சுவருக்கு அப்பால் கவுன்சில் வீடு

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகள், 1919-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் பெருமளவில் எழுந்தவை. கிழக்கு லண்டனின் பெகன்ட்ரீ குடியிருப்பில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. குடியிருப்பவர் தம் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள 1980-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தபின், ஒரே பொதுச்சுவரின் இந்தப் பக்கம் சொந்த வீடும் அந்தப் பக்கம் மன்றத்தின் வாடகை வீடுமாகத் தெருக்கள் கலந்துபோயின. குடும்பம் பெருகி இடம் போதாதவர், பக்கத்து வீட்டையும் வாங்கிச் சுவரைத் திறந்துவிடலாமே என்று எண்ணுவது இந்தக் கலப்பிலிருந்து பிறந்த ஆசைதான்.

மன்றம் நினைத்தபடி விற்றுவிட முடியாது. 1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி வீட்டை விற்க அமைச்சரின் இசைவு தேவை. காலியான வீட்டைச் சந்தை விலைக்கு விற்க 2013-ஆம் ஆண்டின் பொது இசைவு இடம் தருகிறது என்றாலும், இடம் தருவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கையில், சுவரை ஒட்டிக் குடியிருக்கிறார் என்பதற்காக எவருக்கும் முன்னுரிமை கிடைப்பதில்லை.

ஆள் குடியிருக்கும் வீடாக இருந்தால், அதை வாங்கும் உரிமை முதலில் அந்த வாடகைதாரருக்கே உண்டு. இங்கேதான் குறுக்குவழி ஒன்று பலர் மனத்தில் தோன்றுகிறது: பணத்தை நாம் கொடுத்து, அவர் பெயரில் தள்ளுபடி விலைக்கு வாங்கவைத்து, சில ஆண்டுகள் கழித்து நம் பெயருக்கு மாற்றிக்கொள்வது. சட்டம் இதை முன்பே கண்டுகொண்டது. வாங்கியவர் ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால், முதல் ஆண்டில் தள்ளுபடி முழுவதையும், பின்னர் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மிஞ்சியதையும் மன்றம் திரும்பக் கேட்கலாம்; அந்தத் தொகையும் பழைய விலைக்கு அல்ல, மறுவிற்பனை மதிப்புக்கே கணக்கிடப்படும். பின்னாளில் விற்பதாக இன்றே செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையும், அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 163ஏ பிரிவு, ஒப்பந்தம் ஆன அன்றே நடந்த விற்பனையாகக் கருதுவதால், கைமாறாத வீட்டுக்கும் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டிவரும். அதோடு, பத்து ஆண்டுகளுக்குள் விற்க விரும்புகிறவர் முதலில் மன்றத்திடமே சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளக் கேட்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் மன்றம் ஏற்காவிட்டால்தான் வெளியாருக்கு வழி திறக்கும். இவ்வளவும் பொறுத்திருப்பவருக்குச் சட்டம் தடை சொல்வதில்லை.

வீடு கைக்கு வந்தபின் எழும் கேள்வி திட்ட அனுமதி. ஒரு வீட்டை இரண்டாகப் பிரிப்பது அனுமதி தேவைப்படும் மாற்றம் என்று 1990-ஆம் ஆண்டு நகர்த் திட்டமிடல் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டை ஒன்றாக்குவது பற்றி அதில் பேச்சே இல்லை. கூடுதல் வீடுகளால் வரும் நெரிசலுக்கு அஞ்சிய அந்தச் சட்டம், வீடுகள் குறைந்துபோவதை நினைத்துப் பார்க்கவில்லை போலும். அந்த இடைவெளியை நீதிமன்றங்களே நிரப்பின: ஒரு வீடு குறைவதால் அப்பகுதியின் வீட்டுத் தேவை பாதிக்கப்படுமானால், இணைப்பும் அனுமதி தேவைப்படும் மாற்றமாகலாம் என்ற நிலைப்பாடு, லண்டனின் ரிச்மண்ட் மன்றம் தொடர்பான வழக்கிலும் கென்சிங்டன் – செல்சி மன்றம் தொடர்பான 2016-ஆம் ஆண்டு வழக்கிலும் வெளிப்பட்டது. வீட்டுப் பஞ்சம் மிகுந்த நகரில் இந்த நிலைப்பாடு நியாயமானதே.

சுவரில் வாசல் திறக்க மேலே எஃகு உத்தரம் வைத்துக் கட்டட விதிகளின்படி ஒப்புதல் பெறுவது, அடமானக் கடன் தந்த வங்கியின் சம்மதம், இரண்டு மின்மீட்டர்களை ஒன்றாக்குவது, மதிப்பீட்டு அலுவலகம் ஒரே வீடாக ஏற்கும்வரை இரண்டு வீட்டுவரி கட்டுவது ஆகியவை செலவு பிடிப்பவை. தீராத சிக்கல்கள் அல்ல.

வாடகைதாரர் வாங்கும் உரிமை ஸ்காட்லாந்தில் 2016-லும் வேல்ஸில் 2019-லும் ஒழிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்திலோ உச்சத் தள்ளுபடி 2024 நவம்பர் 21 முதல் பகுதிக்கு ஏற்ப 16,000 முதல் 38,000 பவுண்டு வரை எனச் சுருங்கிவிட்டது. எனவே இனி இத்தகைய இணைப்பு, பெரும்பாலும் முன்பே தனியார் கைக்குப் போய்விட்ட பழைய கவுன்சில் வீடுகளில்தான் நடக்கும்.

(தொடரும்)