6 குழந்தைகள், 1 வேன், அந்த 11 நிமிடங்கள்... மாமல்லபுரத்துக்கு ஒருநாள் போய் வந்த கதை!

"ஏட்டி, எண்ணிட்டியா?"

போன மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்கா என்னிடம் இதைக் குறைந்தது 30 தடவையாவது கேட்டிருப்பாள். எண்ணச் சொன்னது பையையோ செருப்பையோ அல்ல, குழந்தைகளை. மொத்தம் 6 பேர். பெரியவளுக்கு 10 வயசு, கடைக்குட்டிக்கு ஒன்றரை வயசு. மூன்று பேருக்கு நான் சித்தி, மூன்று பேருக்கு அத்தை.

அக்கா குடும்பம் திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் கோடை விடுமுறைக்கு வந்திருந்தது. அண்ணன் வீடு தாம்பரத்தில். இரண்டு படுக்கையறை வீட்டில் 12 பேர். நான்கு நாள் செல்போனையும் டி.வி ரிமோட்டையும் பிடித்துச் சண்டை போட்ட பிறகு, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா, இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்" என்று அம்மா அறிவித்துவிட்டார். அப்படி முடிவானதுதான் மாமல்லபுரம்.

7 மணின்னா 8.40!

"காலையில 7 மணிக்கு வேன் கிளம்பும்" என்று முதல்நாள் இரவு அத்தான் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். ஒரே பாத்ரூம் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அக்காவும் அண்ணியும் 4 மணிக்கே எழுந்துவிட்டார்கள். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளிசாதம், உருளைக்கிழங்கு பொரியல், கடைக்குட்டிக்குத் தனியாகப் பருப்பு சாதம். இது தவிர வெந்நீர் ஃபிளாஸ்க், மாற்று உடைகள், துண்டு, பழைய பேப்பர், பாலிதீன் கவர். "பாலிதீன் கவர் எதுக்கு?" என்று கேட்டேன். "வண்டி கேளம்பாக்கம் தாண்டட்டும், தெரியும்" என்றாள் அக்கா.

கேளம்பாக்கம் தாண்டவில்லை. வண்டலூர் சாலையிலேயே 7 வயசுக்காரனுக்குக் கவர் தேவைப்பட்டது. அடுத்த 5 நிமிடத்தில், அதைப் பார்த்த 6 வயசுக்காரனுக்கும். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லி, ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்து, கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது மணி 9.40.

"இது பொம்மையா சித்தி?"

முதல் நிறுத்தம், வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகள் அசையாமல் கிடக்க, "இது பொம்மையா சித்தி?" என்று 4 வயசுக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒன்று 'தொபுக்'கென்று தண்ணீருக்குள் இறங்கியதும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

"ஏன் எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டே இருக்கு? பசிக்குதா?" என்றாள் 8 வயசுக்காரி. முதலைக்கு நம்மைப் போல வியர்க்காது. வாயைத் திறந்துவைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று சொன்னேன். அதன்பிறகு அன்று முழுக்க, வெயிலில் 6 பேரும் வாயைத் திறந்துகொண்டேதான் நடந்தார்கள்.

வெயிலில் சுட்ட ரதங்கள்

பகல் 12 மணிக்கு ஐந்து ரதம் போனது எங்கள் முதல் தப்பு. பாறையும் மணலும் தகித்தன. பெரியவர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயசுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம்.

7-ம் நூற்றாண்டுப் பல்லவர் கலை, 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது என்றெல்லாம் நான் படித்துவைத்திருந்ததைக் கேட்க ஆளே இல்லை. "இங்க நிக்கிற யானையைப் பாரு. இப்ப அந்தக் கோயிலோட பின்பக்கத்தைப் பாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?" என்று நகுல சகாதேவ ரதத்தைக் காட்டினேன். உடனே 10 வயசுக்காரி, "ஆமா, கோயில் யானை மாதிரி உக்காந்திருக்கு!" என்று கத்தினாள். அந்த வளைந்த பின்பக்க வடிவத்துக்கு 'கஜபிருஷ்டம்', அதாவது யானையின் பின்புறம் என்றே பெயர். வருஷம், மன்னர் பெயரைவிட இந்த மாதிரி விளையாட்டுத்தான் குழந்தைகளிடம் எடுபடுகிறது.

அர்ச்சுனன் தபசு பாறையிலும் அப்படித்தான். "இதுல ஒரு பூனை தவம் பண்ணுது, கண்டுபிடிங்க" என்றதும் எல்லோரும் அமைதியாகத் தேட ஆரம்பித்தார்கள். கை தூக்கி நிற்கும் பூனையையும், அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் முதலில் பார்த்தவன் 6 வயசுக்காரன். பெரிய யானையின் காலுக்கடியில் நிற்கும் குட்டி யானைகளைக் காட்டி அக்கா சிரித்தாள். "பாவம், அதுவும் எண்ணிக்கிட்டேதான் நிக்குது போல."

4.05 முதல் 4.16 வரை

வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போகும்போது மணி நாலை நெருங்கியிருந்தது. சரிவில் நிற்கும் அந்தப் பாறை எப்போது உருளுமோ என்று தோன்றும். ஆனால், இத்தனை நூற்றாண்டுகளாக அசையாமல்தான் நிற்கிறது. குழந்தைகளுக்கு அந்தச் சரிவுதான் சறுக்குமரம்.

7 வயசுக்காரன் சறுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அக்கா அவனைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போகும்போது, "சின்னவனைப் பாத்துக்க" என்று என்னிடம் சொன்னாள். நான் "ம்" என்றேன். கையில் செல்போன். மற்ற பிள்ளைகள் பாறையைத் தள்ளுவதுபோல நிற்க, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பி வந்து கேட்டாள், "எண்ணிட்டியா?"

எண்ணினேன். ஐந்து.

திரும்ப எண்ணினேன். ஐந்து.

அண்ணியிடம் இருப்பான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருப்பான் என்று அண்ணி நினைத்திருக்கிறார். அம்மாவிடம் என்று அண்ணன். ஆறு பெரியவர்கள் இருந்தும், ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை.

அண்ணன் தபசுப் பக்கம் ஓடினார். அத்தான் பாறைக்குப் பின்னால் ஓடினார். நான் பச்சைச் சட்டை போட்ட ஒவ்வொரு குழந்தையின் தோளையும் தொட்டுத் திருப்பினேன். விடுமுறை ஞாயிறு. அவ்வளவு கூட்டத்தில் எத்தனை பச்சைச் சட்டை! அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா கத்தவில்லை, அழவில்லை. அவன் பெயரை மட்டும் சாதாரணக் குரலில், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூச்சிரைக்க வந்த அத்தான், "பிள்ளையைப் பாக்காம நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். காலை 4 மணியிலிருந்து நிற்கும் அக்காவை. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியவள் என்று அப்போது என் வாயிலிருந்து வரவில்லை.

4.16-க்கு அண்ணனிடமிருந்து போன். வாசல் பக்கம், மாங்காய் பத்தை விற்கும் அம்மா ஒருவர் அவனைத் தன் கூடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். கையில் ஒரு மாங்காய்த் துண்டு. "அழுதுக்கிட்டே போச்சு, பிடிச்சு உக்கார வெச்சேன். அம்மா பேரு என்னன்னு கேட்டா 'அம்மா'ங்குது. அப்பா பேரு கேட்டா 'அப்பா'ங்குது. நம்பரும் தெரியல. எப்படியும் தேடிக்கிட்டு வருவீங்கன்னு இங்கயே வெச்சிருந்தேன்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். பணம் கொடுக்கப்போன அண்ணனிடம், மாங்காய்க்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் கூட்டமாகக் கிளம்புகிறீர்களா?

அன்றைக்கு வேனிலேயே உட்கார்ந்து நாங்கள் போட்ட விதிகள் இவை. அடுத்த பயணங்களில் கடைப்பிடித்தும் வருகிறோம்.

* கிளம்பும் முன் எல்லாக் குழந்தைகளையும் நிற்கவைத்து ஒரு போட்டோ. அன்று போட்டிருக்கும் உடை, செருப்புவரை தெரிய வேண்டும். தொலைந்தால் விவரிக்கத் திணற வேண்டாம்.

* பேசத் தெரியாத, நம்பர் சொல்லத் தெரியாத குழந்தைகளின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் போன் நம்பர். காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் குழந்தைகளின் கையில் போலீஸார் அடையாளப் பட்டை கட்டுவதும் இதற்காகத்தான்.

* 3 வயசு தாண்டியதும் அம்மா, அப்பாவின் பெயரையும், ஒரு போன் நம்பரையும் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் சின்னவன் இப்போது பத்து இலக்கத்தையும் ராகத்தோடு பாடுகிறான்.

* "எல்லாரும் பார்த்துக்கலாம்" வேண்டாம். இந்த ஒரு மணி நேரத்துக்கு இவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொறுப்பில் இருப்பவர் கையில் செல்போன் கூடாது.

* பெரிய குழந்தைக்கு ஒரு சின்னக் குழந்தை என்று ஜோடி சேர்த்துவிடுங்கள். அது பெரியவர்களின் கண்காணிப்புக்குக் கூடுதல் துணை மட்டும்தான். பொறுப்பைக் குழந்தை தலையில் கட்டாதீர்கள்.

* "வழி தெரியலைன்னா நின்ன இடத்துலயே நில்லு. போலீஸ் அங்கிளையோ, குழந்தையோட இருக்கிற ஒரு அம்மாவையோ கேளு" என்று சொல்லிவையுங்கள்.

* குழந்தையைக் காணவில்லை என்றால் தயங்காமல் 112-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் செய்யுங்கள். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, மற்றவர்கள் வாசல்களை நோக்கிப் போகட்டும்.

* ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். 12 முதல் 3 மணிவரை நிழலும் சாப்பாடும்தான். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பார்த்த கடல்

கடற்கரைக் கோயில் புல்வெளியில் எல்லோரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். 14-வது செகண்டில் பச்சைச் சட்டை ஃப்ரேமின் ஓரத்துக்கு வருகிறது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்கிறது. பிறகு வெளியே நடந்து போகிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் நல்லாத் தள்ளுங்க!" என்று சிரித்துக்கொண்டிருப்பது என் குரல்.

அத்தானிடம் போய் போனை நீட்டினேன். "அக்கா என்கிட்டதான் விட்டுட்டுப் போனா அத்தான். தப்பு என்னுது." அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய் அக்கா மடியில் இருந்த சின்னவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "நீ போய்க் கடலைப் பாத்துட்டு வா. இதுகளை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அக்கா மாமல்லபுரம் வந்தது இது மூன்றாவது முறையாம். மூன்று முறையும் மணலில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தாளே தவிர, தண்ணீர்ப் பக்கம் போனதே இல்லையாம். திருமணமாகி 12 வருஷம் ஆகிறது. அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அங்கே அலையின் இழுப்பு பலமாக இருக்கும். குளிக்க இறங்குவது ஆபத்து. நானும் அவளும் ஈர மணலில், நுரை மட்டும் வந்து தொடும் இடத்தில் நின்றோம். புடவைக் கரையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, 20 நிமிடம் அக்கா எதுவுமே பேசவில்லை. முகத்தில் உப்புக்காற்று. அவ்வளவு நேரம் அவள் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

பிறகு பழக்கதோஷத்தில் கரைப் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, எண்ணிட்..."

அவள் முடிப்பதற்குள், மணலில் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டிருந்த அத்தான் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆறு!"