குழந்தையின் உடம்பில் வெள்ளைத் திட்டு!

சங்கரன்கோவில் கோமதி அம்மன் கோவிலுக்குப் போனவர்களுக்குப் புற்று மண்ணைத் தெரியும்.

அதை நெற்றியில் பூசுவார்கள். சொறி, சிரங்கு, தேமல் என்று உடம்பில் எது வந்தாலும் அதன் மேல் தடவுவார்கள்.

அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரம் இருக்கிறது. சித்தம் கலங்கியவர்களை அதன் மேல் உட்கார வைத்து, குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

தோலுக்கு மண். மனதுக்குச் சக்கரம். இரண்டும் ஒரே சந்நிதியில்!

தோலுக்கும் மூளைக்கும் உள்ள உறவை டாக்டர்களும் கண்டிருக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு, மூளையில் நடக்கும் கோளாறைத் தோலில் உள்ள ஓர் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதைத் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாய் மேல் விழுந்த பழி

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. தாயின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பேச்சு வரவில்லை. ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறது. இதற்கு ‘ஆட்டிசம்’ என்று பெயர்.

லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி 1943-ம் ஆண்டில் எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள் வரை, "தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிவிட்டது" என்று படித்தவர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள்!

1977-ம் ஆண்டில் அந்தப் பழி உடைந்தது. இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். இது பிறவியோடு வருவது, வளர்ப்பால் வருவது அல்ல என்பது தெரிந்தது.

தறி நெய்யும் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பாவில் ஒரு நூல் அறுந்துவிட்டால், அந்தக் கோடு சேலை முழுவதும் ஓடும். நெசவாளி எவ்வளவு அக்கறையாக நெய்தாலும் கோடு மறையாது. நம் உடம்பின் பாவு நூல்தான் மரபணு.

ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்த நூல் அறுந்தது என்று ஒரே காரணத்தைச் சொல்ல முடிவதில்லை. ஆனால் சில குழந்தைகளுக்குச் சொல்ல முடியும். அதற்கான அடையாளங்கள் கண்ணுக்கே தெரியும்.

முதல் அடையாளம்: இலை போன்ற திட்டு

குழந்தையின் வயிற்றில், முதுகில், காலில் வெளிறிய திட்டு இருக்கும். வேப்பிலையைப்போல ஒரு முனை கூராக, நீண்டு இருக்கும். அரிப்பு இல்லை, வலி இல்லை. பிறந்தபோதே இருக்கும், அல்லது சில மாதங்களில் தெரியும்.

"தேமல்தானே!" என்று விட்டுவிடுவோம்.

ஒரு திட்டு, இரண்டு திட்டு என்றால் பெரும்பாலும் பயம் இல்லை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ‘டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்’ என்ற வியாதியாக இருக்கலாம். சுமார் 6 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆட்டிசமும் இருக்கிறது.

தோலில் ஏன் தெரிகிறது? கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்தில் இருந்துதான் உண்டாகின்றன. அதனால் ஒரே மரபணுவின் குறை தோலில் திட்டாகவும், மூளையில் சிறு சிறு கட்டிகளாகவும் தெரிகிறது.

சலாம் போடும் வலிப்பு

இந்தத் திட்டு உள்ள குழந்தைக்கு, முதல் வயதுக்குள் ஒரு விசித்திரமான வலிப்பு வரலாம்.

திடீரென்று தலை முன்னால் குனியும். கைகள் இரண்டும் விரியும். ஒரு நொடிதான்! பிறகு சரியாகிவிடும். சிறிது நேரத்தில் மறுபடியும் வரும். இப்படியே வரிசையாக வரும். தூங்கி எழுந்ததும் அதிகமாக வரும்.

"குழந்தை பயந்துவிட்டது" என்பார்கள். "வயிற்று வலி" என்பார்கள். இரண்டும் இல்லை. இது வலிப்பு!

இதை உலகத்துக்கு முதலில் சொன்னவர் ஒரு தகப்பனார். இங்கிலாந்தைச் சேர்ந்த வெஸ்ட் என்ற டாக்டர், தன் சொந்த மகன் படும் பாட்டை 1841-ம் ஆண்டில் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். குழந்தை குனிவது சலாம் போடுவதுபோல இருந்ததால், அதற்குச் ‘சலாம் வலிப்பு’ என்றே பெயர் வந்தது. மகனைக் குணப்படுத்த அன்று மருந்து இல்லை.

இன்று இருக்கிறது. அதனால்தான் இதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் கடத்தினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். வலிப்பு வரும்போது செல்போனில் படம் எடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கை பிசையும் பெண் குழந்தை

இரண்டாவது அடையாளம் பெண் குழந்தைகளுக்கு.

1954-ம் ஆண்டில் வியன்னா நகரத்தில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற டாக்டரைப் பார்க்கப் பலர் காத்திருந்தார்கள். அங்கே இரண்டு சிறுமிகள், தத்தம் தாயின் மடியில் உட்கார்ந்து, ஒரே மாதிரியாகக் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். டாக்டர் திகைத்தார். அந்த வியாதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு வயதுவரை நன்றாக வளர்ந்த பெண் குழந்தை, பேசிய பேச்சை மறக்கிறது; பிடித்த பொம்மையைப் பிடிக்க மாட்டேன் என்கிறது; ஓயாமல் கையைப் பிசைகிறது. பார்க்க ஆட்டிசம்போல இருக்கும். ஆனால் இது ‘ரெட்’ வியாதி. இதற்கான மரபணுவை 1999-ல் கண்டுபிடித்தார்கள்.

தாய்மாமனுக்கும் இருந்ததா?

மூன்றாவது, ‘பிரஜைல் எக்ஸ்’. பையன்களை அதிகம் பாதிக்கும். நீண்ட முகம், பெரிய காது. வயது ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். இது தாய் வழியாக வரக்கூடியது. அதனால் டாக்டர், "தாய்மாமன் யாருக்காவது அறிவு வளர்ச்சி குறைவா?" என்று கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காரணம் தெரிவதால் என்ன லாபம்? எந்த மருந்து, எந்தப் பரிசோதனை என்று தெரியும். அடுத்த குழந்தைக்கு வருமா என்றும் தெரியும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது பெற்றோரிடம் இருந்து வந்தது அல்ல. கருவில் புதிதாக ஏற்பட்டது. ஆகவே மருமகள் வழியா, மாமியார் வழியா என்ற சண்டை வேண்டாம்!

பக்கத்திலேயே உதவி

அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரைக் கேளுங்கள். ஆட்டிசத்தை 2016-ம் ஆண்டுச் சட்டம் ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் சலுகைகள் உண்டு.

தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கே ஊழியர்கள் வந்து, தாய்க்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள்.

ஆடித் தபசுக்குக் குழந்தையோடு வாருங்கள். அம்மனை வேண்டுங்கள். புற்று மண்ணும் பூசுங்கள்.

பூசும்போது அந்தத் திட்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால், கோவிலில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!