வலியைப் பொறுக்கத்தான் வேண்டுமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதிகளிலிருந்து காப்பர்-டி பொருத்திக்கொள்ளவோ, கருப்பை உட்சவ்வுப் பரிசோதனைக்கோ வரும் பெண்களிடம், ‘சிறிது வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றே நாங்கள் நெடுங்காலம் கூறிவந்தோம். அது போதாது. மாதவிடாய் நின்றபின் ஏற்பட்ட இரத்தப்போக்கிற்காகப் பரிசோதனைக்கு வந்தவர், வலிக்கு அஞ்சிப் பாதியில் எழுந்து சென்றால் அதன் காரணம் அறியப்படாமலே போய்விடும்.

கருப்பைவாயைக் கருவியால் பற்றும்போதும் உட்குழியை அளக்கும்போதும் வலி மிகும். அவ்விடத்தைச் சுற்றி லிடோகெயின் எனும் மரப்பு மருந்தைச் செலுத்தினால் வலி குறையும். ஊசி மட்டும் சுருக்கென்று குத்தும். காப்பர்-டி பொருத்துகையில் இது பயன்படக்கூடும் என 2024இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அறிவுறுத்தியது. இப்யூபுரூஃபன் மாத்திரை பின்னர் வரும் வலிக்கே மிகுதியும் உதவும்.

மருந்து ஒவ்வாமை, வயிற்றுப்புண், ஆஸ்துமா இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். தாயோ சகோதரியோ உடனிருக்கலாம். ‘நிறுத்துங்கள்’ என்றால் நிறுத்துவோம்.